இரண்டாம் இழைப்பு

சுவிட்சில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன், இன்னும் அழுத்தவில்லை. மிஷின் மேஜைமேல் இன்ஜின் ஹெட் மல்லாந்து கிடக்கிறது. நான்கு மூலையும் கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று, டயல் கேஜை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாயிற்று, முள் சரியான இடத்தில்தான் நிற்கிறது, இனி கட்டரைச் சுழலவிட வேண்டியதுதான், இத்தனை வருஷமாகச் செய்கிற வேலை, இன்ஜினுக்குமேல் மூடி மாதிரி உட்காருகிற இந்த அலுமினியக் கட்டியின் அடிமுகத்தைக் கொஞ்சம் வழித்துக் கொடுத்தால் பெட்ரோலும் காற்றும் அடைகிற அறை சிறுத்துப்போகும், சிறுத்தால் நெருக்கம் கூடும், நெருக்கம் கூடினால் வெடி பலமாக விழும், சின்னக் கார் பெரிய கார் மாதிரி துள்ளும், அவ்வளவுதான் விஷயம், எங்கள் கணபதி வட்டாரத்தில் இருக்கிற பட்டறைக்காரர்களில் பாதிப்பேர் இதற்கு அமுதவல்லி அக்கா என்று என்னிடம்தான் வருவார்கள். அன்வரும் அப்படித்தான் காலையில் வந்தான். கோணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு, "பொள்ளாச்சிப் பார்ட்டிங்கக்கா, எண்ணூறு சிசி, கம்ப்ரஷன் ஏத்தோணுமாம், ஒரு மில்லிமீட்டர் வழிச்சுக் குடுத்துருங்க" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்வர் முகம் பார்க்காமல் பேசி நான் கண்டதில்லை, அவன் ஒரு போல்ட் வாங்க வந்தாலும் வீட்டுக் கதை முழுக்கக் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவான், இன்றைக்குச் சுவரில் மாட்டியிருக்கிற ஸ்பேனர்களைப் பார்த்தபடி பொள்ளாச்சி என்றான், பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் இன்னும் வரவில்லை.

கோணியைப் பிரித்தபோதே தெரிந்துவிட்டதா, இல்லை கையில் தூக்கியபோதா, சரியாகச் சொல்ல முடியவில்லை. கைக்குத்தான் முதலில் தெரிந்தது என்று நினைக்கிறேன். வலது ஓரத்தில் ஒரு நீளக் கீறல் இருக்கும், ஸ்பேனர் வழுக்கி விழுந்த கீறல், அவர் அன்றைக்கு விரலை உதறிக்கொண்டு சிரித்தார், ரத்தம் அதில் சொட்டியது, என் பெருவிரல் தானாகப் போய் அந்தக் கீறலில் உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பிறகுதான் கண் போனது. கீறலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நான் வழித்துக் கொடுக்கிற ஒவ்வொரு ஹெட்டிலும் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி தட்டுவேன், அடுத்தமுறை யார் கைக்குப் போனாலும் இது ஏற்கெனவே ஒருதரம் இழைத்தது என்று தெரியவேண்டும் அல்லவா, அதற்காக. என் புள்ளி. என் வீட்டுக்காரர் நந்தகோபாலின் ஹெட். ஆறு வருஷமாகச் சூலூரில் அவர் அண்ணன் ராஜகோபாலின் குடோனில் தார்ப்பாயின்கீழ் கிடந்த அவருடைய பந்தயக் காரிலிருந்து கழற்றியது. பொள்ளாச்சி இல்லை, எந்தப் பார்ட்டியும் இல்லை. அந்தக் குடோனில் போய் பெரியப்பா என்று உரிமையோடு கேட்டு வாங்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான், அவள் என் மகள் மிருதுளா, பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் போடுகிறாள், நாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் யோகா வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறாள். யோகாவிலிருந்து வருகிறவள் துப்பட்டாவில் பெட்ரோல் வாசம் அடிக்கும். துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கெட்டில் போட்டு அமுக்குவேன். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் அப்பா மாதிரி வண்டி ஓட்டப் போகிறாள் என்பது உண்மையாகிவிடும்.

கரியைத் துடைக்காமலே அனுப்பியிருக்கிறாள். அதுதான் என்னை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறது, மூன்று அறைகளிலும் கரி அப்படியே இருக்கிறது. இது அவர் கடைசியாக எரித்த பெட்ரோலின் கரி. அந்தக் காலையில், அந்தச் சுற்றில், அந்த வளைவுக்கு வந்து சேருகிறவரை உள்ளே எரிந்துகொண்டே இருந்தது, பிறகு எரியவில்லை, பிறகு யாரும் இதை ஸ்டார்ட் பண்ணவில்லை. நடு அறையில் விரலை வைத்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகும் விரலில் ஒட்டுகிறது. மனுஷரை எரித்த சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தோம், பேரூரில் ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர்கூட அதிகம் இல்லை, முழங்காலுக்குக் கீழேதான், ராஜகோபால் கலயத்தைக் கவிழ்த்தார், ஒரு பொட்டுகூட மீதி வைக்கக்கூடாது என்று ஐயர் சொன்னார். மீதி இங்கே இருந்திருக்கிறது. விரலை முந்தானையில் துடைக்கப் போனேன், துடைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், இப்போது சுவிட்சின் பச்சைமேல் அந்த விரல்தான் இருக்கிறது, கறுப்பாக.

அன்றைக்கும் நான் இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், இதே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிராக்குக்கு நான் போவதில்லை. அவர் இன்ஜின், நான் மிஷின், கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டோம், நான் வழித்துக் கொடுப்பேன், அவர் கொண்டுபோய்ப் பூட்டி ஓட்டுவார், ஜெயித்தால் ஒரு பித்தளைக் கோப்பை கொண்டுவந்து என் ஸ்டூலில் வைப்பார், தோற்றால் மிஷினைத் துடைத்துக் கொடுப்பார். அன்றைக்குப் பந்தயம்கூட இல்லை, வெறும் பழக்க ஓட்டம். ஏதோ லாரி ஹெட் ஒன்று, அவசரம் என்றார்கள், ஓட்டிக்கொண்டிருந்தேன், மேஜைமேல் போன் அடித்திருக்கிறது, அடித்து அடித்து நின்றிருக்கிறது, மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் எதிர்ப் பட்டறை ஆள் வந்து தோளைத் தொட்டான். அன்றிலிருந்து மிஷின் ஓடும்போதெல்லாம் அதற்கு அடியில் எங்கேயோ போன் அடிக்கிற மாதிரி இருக்கும். நிறுத்துவேன். ஒன்றுமே இருக்காது. மறுபடி போடுவேன், மறுபடி அடிக்கும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன், திரை இருட்டாக இருக்கும்போதே அடிக்கும். யாரிடம் சொல்வது, சொன்னால் டாக்டரிடம் காட்டு என்பார்கள், காட்டினால் மிஷினை விட்டுவிடு என்பார். விட்டுவிட்டு?

ராஜகோபால் அந்தப் பழியைச் சத்தமாகச் சொல்லவில்லை. துக்க வீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யாரோ கேட்டதற்குத் தாழ்ந்த குரலில் சொன்னார், ஜன்னலுக்கு உள்ளே நான் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன், "ஹெட்டை அளவுக்கு மீறி வழிச்சிருக்குதுங்க. வால்வு போய் பிஸ்டன்ல இடிச்சிருக்கும். அந்த வேகத்துல இன்ஜின் பிடிச்சுக்கிச்சுன்னா வண்டி என்ன பண்ணும், நீங்களே சொல்லுங்க." யார் வழித்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை, பந்தலில் இருந்த அத்தனைபேருக்கும் தெரியும். என்மேல் கோபத்தில் சொன்னார் என்றும் சொல்லமாட்டேன், தம்பியைப் பறிகொடுத்த மனுஷன், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் உட்கார முடியும், அவருக்கு அது கிடைத்தது, அவர் பிடித்துக்கொண்டார். என்னையும் அது பிடித்துக்கொண்டது. ராத்திரி படுத்தால் அளவுகள் வரும். எவ்வளவு எடுத்தேன், கேஸ்கட் எவ்வளவு கனம், வால்வு எவ்வளவு கீழே இறங்கும், கூட்டிக் கழித்தால் இடம் இருக்கும், நிச்சயமாக இருக்கும், மறுபடி கூட்டினால் இருக்காது. குடோனுக்குப் போய்த் திறந்து பார்த்திருக்கலாம். ஒருதரம் சூலூர் பஸ்ஸில் ஏறிக்கூட உட்கார்ந்தேன். சிங்காநல்லூரில் இறங்கிவிட்டேன், வெயிலில் நின்றேன், ஒரு இளநி குடித்தேன், திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது வீடு தேடி வந்துவிட்டது. வால்வுகளைத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தான் அன்வர், ஆறு வால்வு. ஹெட்டை மேஜையில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த டப்பாவைத் திறந்தேன். பிஸ்டனில் இடித்திருந்தால் வால்வின் தட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு பளிச்சென்று இருக்கும், தண்டு வளைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத வளைவாக இருந்தாலும் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் தலை நொண்டும், காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியைத் துடைத்தேன். முதல் வால்வை எடுத்துவைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். உருட்டினேன். நேராகப் போயிற்று. இரண்டாவது, நேர். மூன்றாவதை உருட்டும்போது கொஞ்சம் ஆடியது, குனிந்து பார்த்தால் என் விரல்தான் ஆடியிருக்கிறது, மறுபடி உருட்டினேன், நேர். ஆறும் நேர். ஒன்றில்கூடத் தழும்பு இல்லை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பழுப்புக் கரி, நன்றாக எரிகிற இன்ஜினில்தான் அப்படிப் படியும், சாக்லேட் மாதிரி இருக்கணும் அமுதா என்று அவரே எத்தனையோ தடவை பிளக்கைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். இடிக்கவில்லை. பிடித்துக்கொள்ளவில்லை. கடைசி நிமிஷம்வரை இன்ஜின் நன்றாக ஓடியிருக்கிறது. நான் எடுத்த அளவு சரியான அளவு. இதை உரக்கச் சொல்லிப் பார்த்தேன், இடிக்கலை என்று, எதிர்ப் பட்டறையில் தகரம் அடிக்கிற சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தேன், ஆறு வருஷப் பாரம் இறங்குகிறது, வரத்தானே வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பயம் வந்தது. என்மேல் பழி இருந்தவரை அவர் செத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அமுதவல்லி கூடுதலாக வழித்தாள், அதனால் செத்தார். வழிக்காமல் இருந்திருந்தால் இருப்பார். இனி எவளும் அப்படி வழிக்காமல் இருந்தால் எவனும் சாகமாட்டான். கொடுமையான கணக்குத்தான், ஆனால் அது ஒரு கணக்கு, அதற்குள் மிருவை நான் பத்திரமாக வைத்திருந்தேன், அவள் ஓட்டுகிற வண்டியின் ஹெட்டை நான் தொடவில்லையே, எனக்குத் தெரியாமல் ஓட்டுகிறாள், அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, இப்படித்தான் நாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தேன். இப்போது அது போயிற்று. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, பழகிய டிராக், பழகிய வளைவு, ஆயிரம் தடவை திரும்பியவர் திரும்பவில்லை. ஏன்? தும்மினாரா. நாய் வந்ததா. சூரியன் கண்ணில் அடித்ததா. காலையில் நான் ஏதோ சொன்னேனே, காஸ் சிலிண்டர் பதியச் சொன்னேனே, அது திடீரென்று ஞாபகத்துக்கு வந்ததா. ஒன்றுமே இல்லாமல், சும்மா, ஒரு கண் சிமிட்டுகிற நேரம். அப்படியென்றால் அந்த ஒன்றுமில்லாதது இன்னும் அந்த வளைவில்தான் நின்றுகொண்டிருக்கிறது, என் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

ஒரு மில்லி. அவள் கேட்டிருக்கிற அளவு அது. இந்தப் புள்ளி எதற்கு என்று அவளுக்குத் தெரியாது, அன்வர் அழுக்கில் அதைக் கவனித்திருக்கமாட்டான், அவன் என்னிடம் வர ஆரம்பித்ததே அவர் போன பிறகுதான். ஏற்கெனவே எடுத்ததற்குமேல் இன்னும் ஒரு மில்லி எடுத்தால் வால்வு இடிக்கும். நிச்சயமாக இடிக்கும், ராத்திரிகளில் போட்ட கணக்கு எனக்கு மனப்பாடம். ராஜகோபால் சொன்ன பொய்யை மெய்யாக்க நான் இந்தச் சுவிட்சை அமுக்கினால் போதும். பூட்டி, முதல் சாவியிலேயே உள்ளே டக்கென்று இடித்து இன்ஜின் வீணாகிவிடுமா? ஆகிவிட்டால் நல்லதுதானே. பட்டறையிலேயே, நின்ற இடத்திலேயே வீணாகட்டுமே, அவள் அழட்டும், நான் மடியில் போட்டுக்கொள்கிறேன், அழுது முடித்துவிட்டு யோகாவுக்கே போகட்டும். இதை நான் யோசித்தேன். நின்று நிதானமாக யோசித்தேன். ஆனால் நின்ற இடத்தில் இடிக்காமல் போனால்? மயிரிழை தப்பி ஓடி, சூடேறி, இரும்பு நீண்டு, வேகம் கூடி, அந்த வளைவுக்கு வந்த பிறகு இடித்தால்? சரி, வழிக்கவே வேண்டாம், சுத்தியல் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, ஓரத்தில் ஒரு போடு போட்டால் அலுமினியம் விண்டுபோகும், விரிசல் அன்வர், இது தேறாது என்று சொல்லிவிடலாம். உக்கடத்தில் பழைய சாமான் கடைக்குப் போய் வேறு ஹெட் வாங்குவாள். அதை வேறு யாரோ வழிப்பார்கள், அவசரத்தில், அளக்காமல், போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே. அவள் நந்தகோபால் மகள், இன்னொரு ஹெட், இன்னொரு இன்ஜின், எத்தனையை உடைப்பேன்.

மேல்தோல் மட்டும் எடுத்தால் போதும், ஆறு வருஷம் கிடந்ததில் முகம் லேசாகக் கோணியிருக்கிறது, அதைச் சமப்படுத்துகிற அளவு மட்டும். கட்டரை இறக்கி அளவு வைத்தேன். இரண்டுதரம் பார்த்தேன். கைப்பிடியைத் திருப்பி மூன்றாவது தரமும் பார்த்துவிட்டுச் சுவிட்சை அழுத்தினேன். மிஷின் எழுந்தது. மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துப் பிழிந்தேன், கட்டர் விளிம்பைத் தொட்டதும் அந்தச் சத்தம், அலுமினியத்துக்கென்றே உள்ள மெத்தென்ற சத்தம், சுருள் சுருளாக வெள்ளி பிரிந்து மேஜையில் விழுந்தது. போன் அடித்தது. அடிக்கட்டும். மேஜை நகர்ந்துகொண்டே இருந்தது, நரைத்துப்போன முகம் அடி அடியாக வெளுத்துக்கொண்டு வந்தது, மூன்று கறுப்பு அறைகளும் கட்டருக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வந்தன, குழிவுக்குள் இருக்கிற கரியைக் கட்டர் தொடாது, அவர் அங்கேயே இருந்தார். எனக்குப் பின்னால் நின்று பார்க்கிற மாதிரியும் இருந்தது. நான் வேலை செய்யும்போது அவர் பின்னால் நின்றால் கழுத்தில் மூச்சுப் படும், தள்ளி நில்லுங்க, அளவு போயிரும் என்பேன். இன்றைக்குத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரே ஓட்டம், ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை, நிறுத்தினேன்.

"முடிஞ்சுதுங்களாக்கா?" அன்வர் வாசலில் நின்றிருந்தான், எப்போது வந்தான் தெரியவில்லை. முடிந்தது என்றேன். பொள்ளாச்சிக்காரங்களை வரச் சொல்லு என்றேன். "அவங்க எதுக்குங்கக்கா, நானே கொண்டுபோயி..." என்று இழுத்தான். "அன்வர்," என்றேன், "மிருவை வரச் சொல்லு." அவன் முகம் விழுந்துவிட்டது. "அக்கா, நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். அம்மாகிட்டச் சொல்லாம எடுத்துட்டுப் போக மாட்டேன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்குதுங்க. வேற எங்கயும் குடுக்காதே, அம்மா கைதான் வேணும்னு ஒரே பிடிவாதம்." திட்டுவேன் என்று காத்திருந்தான். நான் திட்டவில்லை. அம்மா கைதான் வேணும் என்றாளா என்று கேட்க நினைத்தேன், கேட்காமல் மேஜையில் கிடந்த சுருள்களைக் கூட்டி அள்ளினேன். அவன் வெளியே போய்ப் போனில் பேசுவது கேட்டது.

ஆபீஸிலிருந்து நேராக வந்துவிட்டாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் ஷட்டர் அருகிலேயே நின்றாள். சின்னப் பிள்ளையில் எதையாவது உடைத்துவிட்டு நிற்கிற அதே நிற்பு. "எவ்வளவும்மா எடுத்தே?" என்றாள், வேறெதுவும் கேட்கவில்லை. "சமம் பண்ற அளவுதான். இது நான் முன்னாடியே வழிச்ச ஹெட்டு கண்ணு. இன்னும் ஒரு மில்லி எடுத்தா வால்வு இடிக்கும்." அவள் உதடு லேசாகத் திறந்தது. "அப்ப பெரியப்பா சொன்னது..." அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள், அதே ஜன்னலுக்கு உள்ளே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், நான் மட்டும் கேட்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டிருந்தும் ஒரு மில்லி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், எவ்வளவு தாங்கும் என்பதை என் கைக்கே விட்டுவிட்டு. "இல்ல. அன்னைக்கு இடிக்கலை. வால்வு ஆறும் நேரா இருக்குது. உங்கப்பா இன்ஜின் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துருக்குது." அவள் மெல்ல உள்ளே வந்தாள். வெளுத்த முகத்தைப் பார்த்தாள், அறைகளில் இருந்த கரியைப் பார்த்தாள், கை வைக்கவில்லை. "அப்ப என்னதாம்மா ஆச்சு?" "தெரியல கண்ணு." "தெரியவே தெரியாதா?" "தெரியவே தெரியாது." இந்த வார்த்தையை நாங்கள் இரண்டுபேரும் இதற்குமுன் சொன்னதில்லை. சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை, அப்படியேதான் இருந்தது.

அன்வர் வெளியே எதையோ தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான். மிரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, அப்பா பயப்படுவாரா?" என்றாள். எல்லோரும் அவளுக்குச் சொல்லி வைத்திருப்பது வேறு, நந்தகோபாலா, பயம்னா என்னன்னு தெரியாத ஆளு, குடும்பமே அப்படித்தான் சொல்லும், நானும் மறுத்ததில்லை. இன்றைக்குச் சொன்னேன். பந்தயத்தன்று காலையில் உங்கப்பா பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுப்பார், நமக்குக் கேட்கக்கூடாதாம், ஒவ்வொரு தடவையும், முதல் பந்தயத்திலிருந்து, வெளியே வந்து ஒரு சொம்பு மோர் குடிப்பார், அப்புறம் சிரித்துக்கொண்டே கிளம்புவார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. "எனக்குக் கை நடுங்குதும்மா. ஸ்டார்ட்டிங் லைன்ல நிக்கறப்ப. கியர்ல வெச்ச கை அப்படியே ஆடுது. எனக்கு இது வராதுபோல, அப்பா மாதிரி இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லலை." அப்படின்னா விட்டுவிடு என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. நாக்கு நுனியில் இருந்தது. அவளும் அதற்காகக் காத்திருக்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது, முகத்தைப் பார்த்தேன், காத்திருக்கவில்லை. அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, என் கரி அவள் உள்ளங்கையில் ஒட்டியது, இரண்டுபேரும் அதைப் பார்த்தோம். "ஞாயித்துக்கெழம வர்றியாம்மா?" என்றாள். "நான் வந்து நின்னா உனக்குப் பயம் ஜாஸ்தியாகும்." "ஆகட்டும்," என்றாள், "நீயும் பயந்துக்க, நானும் பயந்துக்கறேன்." வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. என்னால் அந்த வளைவைப் பார்க்க முடியுமா, பார்த்துவிட்டு அங்கேயே நிற்க முடியுமா, எனக்குத் தெரியாது. அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா, இல்லை விடிய எழுந்து இட்லி ஊற்றிக் கட்டிக்கொண்டு போகணுமா என்று மட்டும் கேட்டேன்.